இன்பாக்ஸுக்கு வெளியே சொல்ல வேண்டிய விலை

பேஸ்புக்கில் ஒரு பத்திக் சேலையின் படம் வருகிறது. நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில் எடுத்த படம். கீழே வரிசையாகக் கொமெண்ட்டுகள்: "விலை?", "எவ்வளவு அக்கா?", "மாத்தளைக்கு டிலிவரி இருக்கா?" எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் பாருங்க." கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, குண்டசாலை என்று நம் பக்கத்தில் வீட்டிலிருந்து கைவேலைப் பொருள் விற்கும் பேஜ்களில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. வாங்குபவர்கள் இதை ஒரு சின்ன எரிச்சலாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். விற்பவர்கள் இதை ஒரு வியாபாரத் தந்திரமாக நினைக்கிறார்கள். எனக்கோ இது கைவேலைத் தொழிலின் அடிமடியிலேயே கைவைக்கும் பழக்கமாகத் தெரிகிறது. கையால் செய்த பொருளைப் போன் திரையில் விற்பவர், அந்தப் பொருளைப் பற்றிய உண்மைகளை எல்லோர் முன்னாலும், எல்லோருக்கும் ஒரே மாதிரியாகச் சொல்ல வேண்டும். விலை அதில் ஒன்று. எதனால் ஆனது, எப்படிச் செய்தது, யார் செய்தது, பழுதானால் என்ன செய்வீர்கள் என்பவை மற்றவை. இவற்றை ஒளித்து வைப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நம் ஊர் இதைப் பேசுவதற்கு ஏற்ற இடம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ10 வீதியும் பிரிவது கட்டுகஸ்தோட்டையில். ஏ9இல் போனால் மாத்தளையைத் தாண்டி அளுவிகாரை. பத்திக், தையல் வேலை, பித்தளை, மரவேலை எல்லாவற்றையும் அந்த ஊர் மக்களுக்கு ஒரு வருமானமாக ஆக்கிக்காட்டிய ஈனா டி சில்வாவின் ஊர். குண்டசாலைப் பக்கம் திரும்பினால் நத்தரம்பொத்தையில் பித்தளையும் வெள்ளியும். பேராதனை தாண்டினால் எம்பக்கேயின் மரச்செதுக்கல். கண்டி ஏரிக்கரையில் 1882இல் தொடங்கிய கண்டியக் கலைச் சங்கம் இன்னும் இருக்கிறது. இந்தப் பொருள்கள் எல்லாம் பல தலைமுறையாகக் கைக்குக் கை விற்பனையானவை. வாங்குபவர் விளக்கைத் தூக்கிக் கனம் பார்ப்பார், விரலால் தட்டி ஓசை கேட்பார், துணியைப் புரட்டிப் பார்ப்பார். போன் அந்தப் புரட்டிப் பார்த்தலை எடுத்துவிட்டது. அதனால் வாங்குபவருக்காகப் புரட்டிக் காட்டும் கடமை விற்பவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. தொழில் நடத்தை என்று நான் சொல்வது முதலில் இந்தக் கடமையைத்தான். இனிமையாகப் பேசுவது, பூப்போட்ட எமோஜி போடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

பத்திக்கை எடுத்துக்கொள்வோம். துணியில் உருக்கிய மெழுகால் வரைகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு நிறம் முடிந்ததும் அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயத் தொட்டி. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுகிறார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். சாயத்தில் முக்கி எடுப்பதால் துணியின் இரண்டு பக்கமும் நிறம் ஒன்றுபோல இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்த துணியில் பெரும்பாலும் நிறம் ஒரு பக்கம் மட்டும் தங்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். ஒரே பூ ஒரே அளவில், ஒரு மயிரிழை மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கடையில் நின்று புரட்டினால் பழக்கமில்லாத கண்ணுக்கும் பாதி தெரிந்துவிடும். படத்தில் தெரியாது. அந்த மெழுகு வெடிப்பின் நரம்புக் கோடுகளையே சேர்த்து அச்சடித்த துணிகளும் சந்தையில் உண்டு. அவற்றை நாலு அங்குலத் திரையில் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம்.

இப்படி வாங்குபவரால் தரத்தைக் கண்டுபிடிக்க முடியாத சந்தைக்கு என்ன ஆகும் என்று ஜோர்ஜ் அகர்லொவ் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார்ச் சந்தையை உதாரணமாக எடுத்தார். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுக்கத் துணிவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். பிறகு விலை இன்னும் விழும். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையாக இருந்தவற்றில் இந்தச் சிந்தனையும் ஒன்று. பத்திக்கில் இது அப்படியே பொருந்துகிறது. நாட்கணக்கில் மெழுகும் சாயமுமாக உழைத்தவரின் சேலையும், உருளையிலிருந்து வெட்டியெடுத்த அச்சுத் துணியும் ஒரே "பத்திக்" என்ற பெயரில், ஒரே மாதிரிப் படத்தில், விலையும் செய்முறையும் சொல்லப்படாமல் வரிசையாக ஓடினால், மெழுகு வேலைக்காரர்தான் முதலில் தோற்பார். அவரைத் தோற்கடிப்பவர் பொய் சொல்பவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உண்மையான பொருளை வைத்துக்கொண்டு உண்மையைப் பதிவில் எழுதாமல் விடுபவரும் அதற்கு உதவுகிறார்.

இந்தோனேசியா இதை முன்பே சந்தித்த நாடு. அங்கே 2007இல் பத்திக்குக்கு அரசு முத்திரை கொண்டுவந்தார்கள். கையால் வரைந்தது, அச்சுக்கட்டையால் மெழுகு ஒற்றியது, இரண்டும் கலந்தது என்று வகை பிரித்து வெவ்வேறு நிற முத்திரை. யுனெஸ்கோ அவர்களுடைய பத்திக்கைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது அதற்குப் பிறகு, 2009இல். இந்தியாவில் 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. முத்திரை இருந்தால் ஏமாற்று நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாத உற்பத்தியாளர், தன் பொருள் எந்த வகை என்று எழுதியே ஒட்டிக்கொள்ள விரும்பினார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. வீட்டிலிருந்து விற்பவருக்கு முத்திரை வேண்டியதில்லை. துணியின் பின்பக்கத்தை ஒரு படம், மெழுகு வேலை நடக்கும்போது பத்து வினாடி வீடியோ, "கை மெழுகு வேலை, பருத்தி, இரண்டு நிறம்" என்று ஒரு வரி போதும். அச்சுத் துணி விற்பவரும் தாராளமாக விற்கலாம். குறைந்த விலையில் அந்தத் தோற்றம் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அது நியாயமான பொருள். "பத்திக் பிரிண்ட்" என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாறவில்லை.

அடுத்தது, யார் செய்தது. இங்கேதான் எதிர்ப்பு கூடுதலாக வரும் என்று தெரியும். கண்டிப் பக்கத்துப் பேஜ்களில் பாதிக்கு மேல் விற்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்பது என் ஊகம். அதில் தவறே இல்லை. செய்யத் தெரிந்தவருக்கு விற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. படம் எடுப்பது, மூன்று மொழியில் பதில் சொல்வது, பொதி கட்டுவது, கூரியரோடு மல்லுக்கட்டுவது, பணம் வராமல் போகும் நட்டத்தைத் தாங்குவது எல்லாம் வேலைதான், அதற்குக் கூலி உண்டு. ஆனால் "என் கைவண்ணம்" என்று எழுதி அடுத்தவர் கைவண்ணத்தை விற்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. கையால் செய்த பொருளுக்கு வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தக் கைக்காகத்தான். அந்தக் கை யாருடையது என்பதை மாற்றிச் சொன்னால், விற்கும் பொருளையே மாற்றிக் கொடுத்ததற்குச் சமம்.

தும்பறைப் பாயை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் இந்தப் பாய் நெசவைச் சேர்த்தது. அரச குடும்பத்துக்கு நெய்து கொடுத்த, ஆனால் ஊரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் தொழில் அது. 'ஹன' செடியின் நாரைப் பிரித்து, திரித்து, பதங்கக் கட்டையால் சிவப்பும் மரமஞ்சளால் மஞ்சளும் கடுக்காயால் கறுப்பும் ஏற்றி நெய்வது பழைய முறை. செடி கிடைப்பது அருகிப்போனதால் இப்போது பருத்தி நூலும் நிறையப் பாவிக்கப்படுகிறது. இது ஒளிவு மறைவில்லாமல் எல்லோருக்கும் தெரிந்த விசயம். பருத்தி நூலில் நெய்த தும்பறை வேலைப்பாடு அழகில் குறைந்ததில்லை. ஆனால் பருத்திக்கு நாரின் கதையைச் சொல்லி விற்றால் இரண்டு பேருக்கு அநியாயம் நடக்கிறது: வாங்குபவருக்கும், இன்றைக்கும் நார் பிரித்துக்கொண்டிருக்கும் மிகச் சிலருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வேலையை அவர்கள் பெயரே வராமல் "கண்டி ஸ்டைல் வோல் ஹேங்கிங்" என்று விற்பது, பழைய ஒதுக்கலைப் புது ஊடகத்தில் தொடர்வதுதான். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சொல்ல வேண்டியது என்று நம்புகிறேன்.

இந்த அக்கறை புதிதாக முளைத்ததும் இல்லை. தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பார்த்துச் சேர்த்ததைக் கொண்டு, கண்டிய நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908இல் ஒரு பெரிய நூலைக் கைஅச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். பொருளைப் பாவிப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவே தூரம் கூடக்கூடக் கைத்தொழில் நலிகிறது என்பது அவருடைய முக்கியமான கவலைகளில் ஒன்று. அந்தத் தூரத்தைக் குறைக்கக்கூடிய கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. செய்பவர் தறியில் இருக்கும் ஒரு படம், அவர் விரும்பினால் அவர் பெயர், விரும்பாவிட்டால் ஊரின் பெயர் மட்டும் என்று போட்டால் போதும். அதே கருவியை வைத்துக்கொண்டு தூரத்தை இன்னும் கூட்டுகிறோமே என்பதுதான் வருத்தம்.

"ஊரைச் சொன்னால் வாடிக்கையாளர் நேரே அங்கே போய்விடுவார், என் பிழைப்பு என்னாவது?" இது நேர்மையான பயம், தட்டிக்கழிக்கக் கூடாது. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் அரசின் கைவினைக் கடையான லக்சலவில் வாங்கும் எவரும் அந்தப் பொருளை லக்சலவே செய்தது என்று நினைப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் செய்தார் என்று தெரிந்தே, அதற்கு மேல் விலை கொடுத்தே வாங்குகிறார்கள். தேடி எடுத்த கண்ணுக்கும், வீட்டு வாசலுக்கு வரும் வசதிக்கும், பிழையானால் பேச ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியத்துக்கும் அந்தக் கூடுதல் காசு. உங்கள் சேவை அவ்வளவு பெறுமதியானது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லியே விற்கலாம். எட்சி என்ற அமெரிக்க இணையச் சந்தையின் கதை இங்கே உதவும். 2005இல் கைவேலைக்கென்றே தொடங்கிய அது, 2013இல் வெளி உற்பத்தியாளர்களிடம் செய்வித்தும் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு தொழிற்சாலைப் பொருள்கள் புகுந்துவிட்டன என்ற முறைப்பாடு ஓயவே இல்லை. கடைசியில் 2024இல், விற்பவர் தானே செய்தது, தான் வடிவமைத்தது, தேடி எடுத்தது, தேர்ந்தெடுத்தது என்று ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளம் போடும் முறைக்கு வந்து நின்றார்கள். வெளியாரிடம் செய்விப்பதை அவர்கள் தடுக்கவில்லை. எது எது என்று சொல்லச் சொன்னார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்திருக்கிறது. 2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் மேடையேற்றிய தோல் செருப்பு, 2019இலேயே புவியியல் குறியீடு (ஊரின் பெயரைக் காக்கும் பதிவு) பெற்ற கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே இருந்தது. கோலாப்பூரின் பெயர் மட்டும் இல்லை. சமூக ஊடகத்தில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மகாராஷ்டிரா, கர்நாடகா கைவினைஞர்களைக் கொண்டே செய்விப்பதற்கு ஒப்பந்தமும் போட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே ஒளிக்க முடியாததை நம் சிறிய பேஜ்கள் எத்தனை நாள் ஒளிக்க முடியும்?

இப்போது விலைக்கு வருகிறேன். கண்டிக்கு இரட்டை விலை என்பது பழைய பழக்கம். வெள்ளைக்காரருக்கு ஒன்று, உள்ளூர்க்காரருக்கு ஒன்று. பெரஹர காலத்தில் இன்னொன்று. கடையில் அது கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். இன்பாக்ஸ் அதே இரட்டை விலையை யாருக்கும் தெரியாத அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. கேட்பவரின் புரொபைல் படத்தைப் பார்த்து, டொரொண்டோவா தெல்தெனியவா என்று பார்த்து, விலை சொல்ல முடிகிறது. எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையை ஒளிக்கும்போது, அப்படிச் செய்யாதவர் மீதும் அந்தச் சந்தேகம் விழுகிறது. வெளிநாட்டிலிருக்கும் நம் சொந்தங்கள் ஊர்க் கைவேலையை ஆசையோடு வாங்குபவர்கள். அவர்களுக்குள் வட்ஸ்அப் குழுக்கள் உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வந்த ஸ்கிரீன்ஷொட் ஒன்று சுற்றினால் அந்தப் பேஜ் மட்டும் கெடாது, "ஊரிலிருந்து வாங்காதே" என்ற பேச்சாக அது மாறும். தபால் செலவால் விலை கூடுகிறது என்றால் தபால் செலவைத் தனியாக எழுதலாம். அதைக் குறை சொல்ல ஒருவரும் வரமாட்டார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி தன் வியாபார இடத்தில் விலையைத் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. அதன் 30ஆம் பிரிவு வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது; 31ஆம் பிரிவு பொருளின் தரம், வகை போன்றவை பற்றிய பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் யாரும் முறைப்பாடு சொல்லலாம். பேஸ்புக் பிறப்பதற்கு முன்பு எழுதிய சட்டம் இது. வியாபார இடம் என்று அன்று மனதில் இருந்தது நான்கு சுவர் கடைதான். ஆனால் இன்று பலருக்கு அந்தப் பேஜ்தான் கடை. வீட்டில் சமையலறை மேசையில் பொதி கட்டுவதால் இந்த விதிகளின் நோக்கம் தன்னைத் தொடாது என்று நினைப்பது சரியில்லை.

விலையை வெளியே போட முடியாததற்கு விற்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பது முதலாவது. போட்டியாளர் ஒரு பொய்க் கணக்கில் வந்து இன்பாக்ஸில் கேட்டாலும் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். மறைவதெல்லாம் உண்மையான வாடிக்கையாளருக்கு மட்டும்தான். விலையைப் பார்த்தால் பயந்து ஓடிவிடுவார்கள், இன்பாக்ஸில் என்றால் விளக்கிச் சொல்லலாம் என்பது இரண்டாவது. அந்த விளக்கம் நல்லதென்றால் அதைப் பதிவிலேயே எழுதுங்கள்: நூலுக்கு இவ்வளவு, இத்தனை நாள் வேலை, அதனால் இந்த விலை. கைவேலை ஏன் விலை கூட என்று நம் மக்களுக்குப் புரியவில்லை என்று புலம்புகிறோம். புரியவைக்கும் கணக்கைத் தனி அறையில் ஒவ்வொருவருக்காகச் சொன்னால் ஊருக்கு எப்படிப் புரியும்? ஓடர் எடுத்துச் செய்வதால் விலை மாறும் என்பது மூன்றாவது, இது நியாயமானது. ஆரி வேலை பிளவுஸுக்கோ செதுக்கிய கதவுக்கோ ஒரே விலை இருக்க முடியாது. அப்படியானால் "இந்தப் படத்தில் உள்ளது இவ்வளவுக்குப் போனது, தொடக்க விலை இது" என்று போடலாம். கொமெண்ட் கூடினால் பேஸ்புக் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும், அதற்காகத்தான் விலை போடுவதில்லை என்பது கடைசி. இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் விலை கேட்டு விலகிப் போகும் கூட்டத்துக்கு இரவெல்லாம் பதில் தட்டும் நேரத்தில் ஒரு பொருளின் வேலையே நகர்ந்திருக்கும். தவிர, நூறு பேரைக் கேள்வி கேட்க வைப்பதற்காக ஒரு தகவலை ஒளிப்பது வாங்க வந்தவரின் நேரத்தைக் கூலியில்லாமல் எடுப்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

பாராட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். கண்டியில் உல்லாசப் பயணியை எந்தக் கடைக்குக் கூட்டிப்போனால் எவ்வளவு கமிஷன் என்பது வழிகாட்டிக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் கடைக்காரருக்கும் தெரியும். பயணிக்கு மட்டும் தெரியாது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு "என் சொந்த அனுபவம்" என்று பேசும் டிக்டொக் காணொளி அந்தக் கமிஷனின் புது உருவம். காசு கொடுத்துச் சொல்லச் சொன்னால், காசு கொடுத்தது என்று சொல்லச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் பெயரில் ஐந்து நட்சத்திரம் போடுவதும், குறை சொன்ன கொமெண்ட்டை அழிப்பதும் இதே ரகம். அமெரிக்காவில் பேஷன் நோவா என்ற உடை நிறுவனம் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த மதிப்பீடுகளைத் தன் தளத்தில் வெளியிடாமல் தடுத்து வைத்ததற்காக, 2022 ஜனவரியில் 42 இலட்சம் டொலர் கட்ட இணங்க வேண்டி வந்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள், விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் மதிப்பீடு எழுதுவதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. குறை சொன்னவருக்குப் பகிரங்கமாக, பணிவாக ஒரு பதிலும், சரிசெய்ததாக இன்னொரு வரியும் போட்ட பேஜை நான் நட்சத்திரம் நிறைந்த பேஜை விட அதிகம் நம்புவேன். அழித்தவர் என்ன அழித்தார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மிஞ்சியிருக்கும் பாராட்டையும் நம்ப முடியாமல் போகிறது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. பின்டரஸ்டில் கிடைத்த இன்னொருவர் வேலையின் படத்தைத் தன் பேஜில் போட்டு ஓடர் எடுப்பது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட படைப்பு, கைவினை போன்ற பிரயோகக் கலைப் படைப்பும் பாதுகாக்கப்பட்டது. சட்டத்தை விட்டுவிட்டாலும், படத்தில் உள்ளதை நீங்கள் செய்யவில்லை என்பது வாங்குபவர் பெறப்போகும் பொருளைப் பற்றிய முதல் பொய். "இதைப் போல் செய்து தரலாம், என் வேலை இந்தப் படங்களில்" என்று எழுதினால் அந்தப் பொய் இல்லை.

பிணக்கு வரும் இடம் இதைவிடச் சிக்கலானது. கூரியரில் பொதி போனபின் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. போக்குவரத்துக் காசு நட்டம், பெயர் செதுக்கிய பொருள் என்றால் முழுவதும் நட்டம். ஆத்திரத்தில் அந்த வாடிக்கையாளரின் பெயர், போன் இலக்கம், முகவரி, இன்பாக்ஸ் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுகிறார்கள். எல்லாவற்றையும் வெளியே சொல் என்று வாதிடும் நானே இதை ஏற்கமாட்டேன். வெளியே சொல்ல வேண்டியது உங்கள் பொருளின் உண்மை. உங்களை நம்பி ஒருவர் தந்த விலாசம் உங்கள் சொத்து ஆகாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் இந்த எண்ணத்தில்தான். இந்த நட்டத்துக்கு மருந்து முன்கூட்டியே எழுதி வைப்பது: அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், எந்த நிலையில் காசு திரும்பும், பெயர் போட்ட பொருள் திரும்ப எடுக்கப்படாது என்பதைப் பேஜின் முதல் பதிவாகவே பொருத்தி வைக்கலாம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணுச் செய்தியால் ஆன ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. "பத்து நாளில் அனுப்புறேன்" என்று வட்ஸ்அப்பில் தட்டுவது வாய்ப்பேச்சாக முடிந்துவிடாது. அது உங்களையும் கட்டும், அவரையும் கட்டும்.

கண்டிக்காரருக்கு இதில் இன்னொரு பொறுப்பு கூட உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பியதில் சமூக ஊடகத்துக்குப் பங்கு இருந்தது. பேஸ்புக் நிறுவனமே 2020இல் அதற்காக வருத்தம் தெரிவித்தது. அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது, அவற்றை மட்டும் நம்பி விற்றவர்களின் கடையும் அன்றே சாத்தப்பட்டது. 2019இல் "இன்னாருடைய கடையில் வாங்காதே" என்ற பதிவுகள் மறுபடி ஓடின. நம் பேஜ்களின் வாடிக்கையாளர் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும். ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் எதையும் வியாபாரப் பேஜிலிருந்து பகிரக் கூடாது. உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிர்வதும் அதில் அடக்கம். எல்லோர் முன்னாலும் ஒரே பேச்சு என்ற விதி விலைக்கு எவ்வளவு பொருந்துமோ, அதைவிடக் கூடுதலாக இதற்குப் பொருந்தும்.

கடைசியாக ஒரு கேள்வி, இதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் பெண்கள். "எல்லாவற்றையும் வெளியே போடச் சொல்கிறீர்கள். எங்களுக்கு நடு இரவில் வரும் செய்திகள் தெரியுமா? வீட்டுக்காரருக்கும் ஊருக்கும் நாங்கள் விற்பது தெரியக் கூடாத நிலை சிலருக்கு உண்டு, தெரியுமா?" இந்தக் கேள்விக்கு முன் என் வாதம் கொஞ்சம் பணிந்துதான் நிற்க வேண்டும். முகமோ சொந்தப் பெயரோ வீட்டு விலாசமோ போட வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்க முடியாது, கேட்கக் கூடாது. பேஜின் பெயரில், வியாபாரத்துக்கென்று வைத்த தனி இலக்கத்தில், கூரியர் அலுவலகத்தில் ஒப்படைத்து விற்பது முழுமையான தொழில்தான். ஆனால் பாருங்கள், விலையும் அளவும் துணியும் டிலிவரி நாளும் பதிவிலேயே இருந்தால் இன்பாக்ஸுக்கு வரவேண்டிய தேவையே பாதி குறைகிறது. "விலை என்ன?" என்ற சாக்கில் கதவைத் தட்டுபவனுக்கு அந்தச் சாக்கு இல்லாமல் போகிறது. ஆளை மறைத்துப் பொருளைத் திறந்து வைக்க முடியும். இன்று நம் பேஜ்களில் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பொருள் மூடியிருக்கிறது, விற்பவரின் இன்பாக்ஸ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

பொருளைத் திறந்து வைத்துப் பழகுவதில் இன்னொரு பயனும் உண்டு. 2022இல் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி, புவியியல் குறியீடுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு இலங்கையில் வந்துவிட்டது. அதே ஆண்டு சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அந்த அங்கீகாரத்தைக் கொடுத்தது. நம் பக்கத்துப் பாயோ பித்தளையோ ஒருநாள் அந்த வழியில் போக வேண்டுமென்றால், அந்தப் பொருள் எந்த ஊரில், எதைக் கொண்டு, எந்த முறையில், யாரால் செய்யப்படுகிறது என்று விண்ணப்பத்தில் எழுதிக்காட்ட வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் அதை எழுதிப் பழகிய விற்பனையாளர்களும் கைவினைஞர்களும் அன்று கையில் ஓர் ஆவணத்தோடு உட்காருவார்கள்.